கால்வேயில் வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று கேட்ட கீழக்கரைத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதைத் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தேன். இங்கே தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பா கரையில் இருக்கிற நாட்கள் இவைதான் என்பதால் வருஷா வருஷம் கால்வே வேலையில் கிடைக்கிற என் லீவையும் இதற்குத்தான் வைத்துக்கொள்கிறேன். படகைக் கரையேற்றிப் பலகை இடுக்கில் பஞ்சு அடிக்கிற சத்தம் காலையில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் கேட்டது இதுதான். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஏழு வருஷம் புராஜெக்ட் மேனேஜராக இருந்துவிட்டு, நான்கு மாதத்துக்கு முன்னால் அயர்லாந்தின் கால்வேக்கு வந்திருக்கிறீர்கள். ரத்தக்குழாய்க்குள் போகும் மெல்லிய குழாயான ஒரு கேத்தீட்டர் உங்கள் பொறுப்பு. ஒரகடத்தில் ஒரு வாரத்தில் முடிகிற விஷயத்துக்குக் கால்வேயில் ஆறு வாரமும் ஒன்பது கையெழுத்தும் ஆகிறது. அவசரப்படுத்தினால் குவாலிட்டிக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கலாம் ஐயா மூன்று வாரத்தில் போலியோ பிள்ளைகளுக்குக் காலில் மாட்டக் காலிபர் செய்து கொடுத்தாரே அக்கா, நமக்கு ஏன் மூன்று வருஷம்? நான் இந்த வேலைக்கு ஆகாதவனா, ஊருக்கே திரும்பிவிடவா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

ஆகாதவர் இல்லை. திரும்பவும் வேண்டாம். கலாம் ஐயா விஷயத்தை மட்டும் முழுசாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. மூன்று வாரம் என்று அவரே சொல்லியிருக்கிறார், உண்மைதான். மூன்று கிலோ கனத்த காலிபரை 300 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த இலகுவான பொருள் அந்த மூன்று வாரத்தில் பிறந்தது இல்லை. அக்னி ஏவுகணைக்காக வருஷக்கணக்கில் உழைத்து, அந்தப் பொருளின் குணம் எல்லாம் அளந்து வைத்திருந்தார்கள். எலும்பு டாக்டர் ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கலாமை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போய்ப் பிள்ளைகள் காலை இழுத்து இழுத்து நடப்பதைக் காட்டினார். ஆக, என்ன தேவை என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலிபர் உடம்புக்கு வெளியே மாட்டுவது. கடித்தால் கழற்றிவிடலாம். ஐரோப்பிய விதிப்படி அது மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் வகுப்பு. அதே கலாம், டாக்டர் சோமராஜுவோடு சேர்ந்து 1998இல் கொண்டுவந்த ஸ்டென்ட் இருக்கிறதே, அது இதயத்தின் ரத்தக்குழாய்க்குள் போய் அங்கேயே தங்குவது. அது மூன்றாம் வகுப்பு. உள்ளே வைத்தபின் கழற்ற முடியாது. உங்கள் கேத்தீட்டர் உள்ளே தங்காது, வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும். ஆனாலும் அது காலிபர் பக்கம் இல்லை, ஸ்டென்ட் பக்கம். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் ஆறு வாரத்தைத் திரும்பப் பாருங்கள்.

கார் உதிரிபாகத் துறை லேசானது என்று நான் சொல்லவில்லை. எது எப்படிப் பழுதாகும் என்று பட்டியல் போடும் எஃப்எம்இஏ உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதை வைத்துத்தான் நீங்கள் மருத்துவக் கருவியின் ஆபத்துகளைப் பதிவு செய்யும் ரிஸ்க் ஃபைலைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அங்கேதான் சிக்கல். எஃப்எம்இஏ, பாகம் எப்படிப் பழுதாகும் என்பதில் தொடங்கும். அந்த ஃபைலுக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ 14971 தரநிலை, நோயாளிக்கு என்ன தீங்கு வரலாம் என்பதில் தொடங்கும். பழுதே இல்லாத கருவியாலும் தீங்கு வரும். கேத்தீட்டர் சொன்னபடி வேலை செய்கிறது, ஆனால் கைப்பிடியில் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று நர்ஸுக்கு அரைகுறை வெளிச்சத்தில் தெரியவில்லை. எஃப்எம்இஏவில் இதற்கு வரி கிடையாது. ரிஸ்க் ஃபைலில் இருந்தாக வேண்டும்.

அப்புறம் அந்தக் கையெழுத்துகள். டாக்டர் "ஈரக் கையில் வழுக்கக் கூடாது" என்கிறார். இது தேவை. இதை அப்படியே வைத்து யாரும் எதையும் சோதிக்க முடியாது. ஈரக் கையுறையோடு கைப்பிடியைத் திருப்பினால் இவ்வளவு விசை வரை நழுவாமல் நிற்க வேண்டும் என்று எண் போட்டு எழுதினால் அது டிசைன் இன்புட். அந்த எண்ணை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டுவது வெரிஃபிகேஷன். உண்மையான டாக்டர்கள் கையில் கொடுத்து, அவர்கள் கேட்ட பொருள்தானா என்று பார்ப்பது வேலிடேஷன். வெரிஃபிகேஷன் தேறி வேலிடேஷன் தோற்கலாம். தேவை, எண், சோதனை, அதைக் கேட்க வைத்த ஆபத்து, இந்த நான்கையும் ஒரே வரியில் கோர்ப்பதுதான் டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ். உங்களுக்கு அது குமாஸ்தா வேலையாகத் தெரிகிறது. எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான் தெரிந்தது. இப்போது எந்தப் புராஜெக்டைக் கையில் எடுத்தாலும் நான் அட்டவணையைத் திறப்பதற்கு முன்னால் அந்த மேட்ரிக்ஸைத் திறக்கிறேன். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, தேதி அங்கேதான் வழுக்கப் போகிறது.

சோதனைக்குச் சாம்பிள் 59 எதற்கு, 30 போதாதா என்று கேட்டு மெயில் போட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒன்றுகூடத் தோற்காமல் 59 தேறினால்தான், 95 சதவீத நம்பிக்கையோடு, செய்கிற பொருளில் 95 சதவீதமாவது தேறும் என்று சொல்ல முடியும். 99 சதவீதம் தேற வேண்டிய ஆபத்து என்றால் 299 வேண்டும். இது குவாலிட்டிக்காரரின் பிடிவாதம் இல்லை, கணக்கு. எண்ணைக் குறைக்க வேண்டுமானால் ரிஸ்க் ஃபைலில் போய், இந்தத் தீங்கு அவ்வளவு பெரியது இல்லை என்று நியாயம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்களால் போட முடியுமா?

ஆள் கூட்டினால் சீக்கிரம் முடிகிற வேலை எது, எத்தனை பேர் வந்தாலும் அதே நாள் எடுக்கிற வேலை எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கருவாடு காய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் சுற்றி நின்றாலும் வெயில் ஒன்றுதான். கிருமி நீக்கிய கருவியை வைக்கும் ஸ்டெரைல் பைக்கு இரண்டு வருஷ ஆயுள் போட வேண்டும் என்றால், 25 டிகிரியில் இரண்டு வருஷம் காத்திருப்பதற்குப் பதிலாக 55 டிகிரி அறையில் வைப்பார்கள். பத்து டிகிரிக்கு ஒருமுறை வயதேறும் வேகம் இரட்டிக்கும் என்று வைத்தால் எட்டு மடங்கு, ஆக 91 நாள். அந்தச் சூட்டில் அதற்குக் கீழே போக வழியில்லை. நிஜமான இரண்டு வருஷச் சோதனையும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டு, அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குப் போடும் 510(கே) விண்ணப்பத்துக்கு 90 நாள் என்பதும் அப்படித்தான். ஃபைல் அவர்கள் கையில் இருக்கும் நாட்களை மட்டும்தான் அந்த 90இல் எண்ணுவார்கள். கூடுதல் விவரம் கேட்டு அனுப்பினால் கடிகாரம் நின்றுவிடும், பதில் சொல்ல உங்களுக்கு 180 நாள் வரை உண்டு. அட்டவணையில் வெறும் 90 என்று போட்டிருந்தால் இன்றே திருத்துங்கள்.

இந்த 91 நாளை நான் சும்மா சொல்லவில்லை. கால்வேக்கு வந்த இரண்டாம் வருஷம் எனக்கு நடந்தது இது. அப்போது நான் இருந்த கம்பெனியில் சாம்பிள் பைகள் வயதேற்றும் அறைக்குள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காபி எடுக்கும் இடத்தில் சீலிங் இயந்திரம் ஓட்டும் டெக்னீஷியன், "புது லாட் பை சரியாக ஒட்டவில்லை, சூட்டை நாலு டிகிரி ஏற்றினேன், இப்போது நன்றாக ஒட்டுகிறது" என்றார். நல்ல மனிதர், மறைக்கவில்லை, என்னிடம் சொல்லிவிட்டார். நான் "சரி, பிறகு பேப்பரில் ஏற்றிக்கொள்வோம்" என்றேன். அன்று மதியம் மேலதிகாரிகளோடு மீட்டிங், தேதி தப்பாது என்று சொல்லப் போகிற அவசரம் எனக்கு. 91ஆம் நாள் பைகளை வெளியே எடுத்தோம். உரித்துப் பார்த்த சோதனை, கசிவுச் சோதனை, எல்லாமே தேறின. சந்தோஷமாக ரிப்போர்ட்டைக் கொண்டுபோனேன். குவாலிட்டி பொறியாளர் இயந்திரத்தின் இன்றைய செட்டிங்கையும் சாம்பிள் ஒட்டிய நாளின் செட்டிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது நாம் விற்கப் போகிற பைதானா?"

இல்லை. நாங்கள் இனிமேல் செய்யப் போகாத ஒரு பையைத்தான் மூன்று மாதம் சோதித்திருந்தோம். ஆரம்பத்தில் இருந்து இன்னொரு 91 நாள். யாரும் என்னைத் திட்டவில்லை. டெக்னீஷியன் மேல் பழி போகாமல், மாற்றத்தை அறிந்தும் பதிவு செய்யாதவள் நான் என்று விசாரணைத் தாளில் நானே எழுதினேன். அதை எழுதும்போது கை நடுங்கியது. ஒரு மாதத்திலேயே சொல்லியிருந்தால் இழப்பு 30 நாள். சொல்லாததால் 91.

அந்தச் "சரி" எங்கிருந்து வந்தது என்று பிறகு நிறைய யோசித்தேன். பெரியவர்கள் "முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்று சொல்வது மரியாதை என்றுதான் நாம் வளர்ந்தோம். முடியாது என்பது எதிர்த்துப் பேசுவது. அங்கே அப்படி இல்லை தம்பி. முடியாததை முடியும் என்று சொல்வதைத்தான் அவர்கள் அவமரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நம் கரையிலும் இதற்கு வழக்கம் உண்டு. ராமேஸ்வரம் ஜெட்டியில் காற்று எச்சரிக்கை வந்த நாளில் மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது. டீசல் போட்டு, ஐஸ் ஏற்றி, ஆள் எல்லாம் வந்து நின்றாலும் டோக்கன் இல்லை என்றால் படகு இல்லை. அப்பா முணுமுணுப்பார், ஒரு நாள் வருமானம் போனதே என்று வருத்தப்படுவார், ஆனால் கயிற்றை அவிழ்க்க மாட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் வடிவமைப்பைப் பரிசீலிக்கிற டிசைன் ரிவ்யூ மீட்டிங்கை அப்படிப் பாருங்கள். அந்தக் கட்டத்து வேலையில் நேரடிப் பொறுப்பு இல்லாத ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவின் பழைய விதியிலேயே அது கட்டாயமாக இருந்தது. அவர் உங்களைத் தடுக்க வந்தவர் என்று நினைக்காதீர்கள். நாம் வேலையோடு ஒட்டிப்போய்ப் பார்க்கத் தவறியதை அவர் தள்ளி நின்று பார்க்கிறார். மீட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் அவரிடம் தனியாகப் போய், "எனக்கு இந்த இரண்டு இடத்தில் சந்தேகம் இருக்கிறது" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். ஒன்பது கையெழுத்தில் ஐந்து அப்போதே பாதி முடிந்துவிடும்.

வேலை பெர்மிட் பற்றிய பயம் உங்களுக்கு இருக்கிறது, வெளிப்படையாக எழுதவில்லை என்றாலும் தெரிகிறது. இல்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ, வேலை போனால் விசா என்ன ஆகும் என்கிற பயம். எனக்கும் இருந்தது. உங்களுடையது கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட். 2024 செப்டம்பரில் வந்த சட்டப்படி ஒன்பது மாதம் முடிந்தால் வேறு கம்பெனிக்கு மாறலாம், 21 மாதம் ஆனதும், பெர்மிட் இல்லாமலே வேலை பார்க்க விடும் ஸ்டாம்ப் 4க்கு விண்ணப்பிக்கலாம். அதன்பின் உங்கள் வேலை எந்த முதலாளி காகிதத்தோடும் கட்டப்பட்டது இல்லை. இந்த இரண்டு தேதியையும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள், மனசு அடங்கும். நான் கூட வேலை பார்த்தவர்களில், கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொன்னதற்காக வேலை போனவர் ஒருவரும் இல்லை.

படிக்க என்ன எடுக்கலாம் என்றால், மருத்துவக் கருவிகளின் தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 13485இன் ஏழாவது பிரிவு. புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2026 பிப்ரவரி 2 முதல் எஃப்டிஏவும் தன் தர விதியை அந்த 13485இன் மேலேயே வைத்துக்கொண்டது. ஐரோப்பா, அமெரிக்கா இரண்டு கரைக்கும் ஒரே பாடம் என்பது இப்போது சேர்ந்த உங்களுக்கு அனுகூலம். நாங்கள் இரண்டாகப் படித்தோம்.

மழையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மாறாது, நல்ல ஜாக்கெட் வாங்குங்கள், குடை அந்தக் காற்றுக்கு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் இருக்காதீர்கள். சால்ட்ஹில் கடலோரம் நடந்துபோனால் கோடையில் அயிலை தூண்டில் போடுகிறவர்கள் நிற்பார்கள். பேச்சுக் கொடுத்தால் இரண்டு மீன் கையில் கொடுத்தே அனுப்புவார்கள். புளி மட்டும் நீங்கள் வைத்திருந்தால் போதும். அந்தக் கடல் நம் வடகடலான பாக் விரிகுடா மாதிரி அமைதியாக இருக்காது, தென்கடலான மன்னார் வளைகுடாவைவிடவும் முரடு. ஆனாலும் அந்த உப்புக்காற்றில் நின்றால் எனக்கு ஊர் ஞாபகம் கொஞ்சம் ஆறும்.

தடைக்காலம் முடிந்து அப்பா முதல் நாள் கடலுக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்துவிட்டு ஜூன் கடைசியில் நான் கால்வே வந்துவிடுவேன். அதற்குள் ஒரு வேலை. உங்கள் கேத்தீட்டரின் பைகள் வயதேற்றும் அறையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நாளைக்கே நேரில் போய், அவற்றின் லாட் எண்ணையும் ஒட்டிய நாளின் இயந்திர செட்டிங்கையும் குறித்துக்கொண்டு, இன்று இயந்திரம் எதில் ஓடுகிறது என்று அதை ஓட்டுகிறவரிடமே கேளுங்கள். கீழக்கரைப் பக்கம் நான் அடுத்த வாரம் வருகிறேன். உங்கள் உம்மா தொதல் கொடுத்தனுப்பினால் என் பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறது, சொல்லிவிடுங்கள்.