ஸ்பேர் டிஸ்க் இருந்தும் கைவிட்டது ஏன்?

கேள்வி: வடபழனியில் சின்னதாக ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். 5 டிஸ்க் போடும் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் எல்லாரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) நான்கு 4 டிபி டிஸ்க்கை ரெய்டு 5 முறையில் ஒன்றாகச் சேர்த்து, ஐந்தாவதை ஹாட் ஸ்பேராக, அதாவது ஒன்று போனால் தானாக அதன் இடத்துக்கு வரும் டிஸ்க்காக, வைத்திருந்தோம். போன வாரம் ராத்திரி ஒரு டிஸ்க் போய்விட்டது. பெட்டி கத்திக்கொண்டே இருந்ததே தவிர, ஸ்பேர் தானாக உள்ளே வரவில்லை. காலையில் சர்வீஸ்காரர் வந்து கையால் சேர்த்தார். ரீபில்ட் (போன டிஸ்க்கில் இருந்ததை ஸ்பேரில் மறுபடி எழுதும் வேலை) 37 சதவீதம் ஓடி, ஸ்பேரும் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிட்டது. அது 8 மாதத்துக்கு முன் ரிச்சி தெருவில் புதிது என்று வாங்கியது. கடையில் கேட்டால், "கம்பெனியைக் கேளுங்க சார்" என்கிறார்கள். சர்வீஸ்காரர் பெட்டியையே மாற்றச் சொல்கிறார். உள்ளே 9 டிபி படங்கள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் படங்கள் இன்னும் போகவில்லை. ஆனால் மூன்று டிஸ்க்கை நம்பித்தான் நிற்கின்றன. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், அந்த ஒன்று போயாகிவிட்டது. அதனால் மறுபடி ரீபில்ட் போடும் பேச்சையே இன்றைக்கு எடுக்காதீர்கள். ரீபில்ட் என்றால் மிச்சமுள்ள மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து (தகவலை வைக்கும் சின்னஞ்சிறு கட்டம்) கடைசி வரை, மொத்தம் 12 டிபி, வாசித்தாக வேண்டும். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் கொடுக்கும் வாசிப்புப் பிழை வரம்பே ஏறத்தாழ 12.5 டிபிக்கு ஒன்று. நடைமுறையில் பல டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே ஓடும், ஆனால் ஒரே நாளில் வாங்கி ஒரே வெயிலில் உழைத்த மூன்றை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

இரண்டு வெளி டிஸ்க் வாங்கி, பெட்டியிலிருந்து நகல் எடுக்க ஆரம்பியுங்கள். ஆல்பம் இன்னும் கொடுக்காத கல்யாணங்கள் முதலில், பழையவை பிறகு. கிகாபிட் கேபிளில் 9 டிபி நகர கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதுவரை அறையில் ஏசி ஓடட்டும், பெட்டி யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். நல்ல டிஸ்க்கை யாரும் கழற்றிப் பார்க்கக் கூடாது. திரையில் "இனிஷியலைஸ்" (உள்ளதை அழித்துப் புதிதாகத் தொடங்குவது) என்று எது கேட்டாலும் சரி என்று அழுத்தாதீர்கள்.

நகல் முடிந்த பிறகு காரணம் தேடலாம். உங்கள் கேள்வியில் இரண்டு கோளாறு இருக்கிறது, சர்வீஸ்காரர் அதை ஒன்றாக்கிவிட்டார்.

ஸ்பேர் ஏன் தானாக வரவில்லை? நான் பார்த்தவரை, டிஸ்க்கை ஐந்தாவது இடத்தில் செருகியிருப்பார்கள், ஆனால் மெனுவில் போய் அதை ஹாட் ஸ்பேர் என்று நியமித்திருக்க மாட்டார்கள். பெட்டிக்கு அது வேலை கொடுக்காத வெறும் டிஸ்க்தான். அடுத்த காரணம் அளவு. 4 டிபி டிஸ்க்கில் வழக்கமாக 781,40,37,168 செக்டர் இருக்கும். ஸ்பேரில் அதைவிடச் சில செக்டர் குறைந்தாலும் பெட்டி அதை ஏற்காமல் போகலாம், லேபிளில் 4 டிபி என்றே இருந்தாலும். கையால் சேர்த்தபோது ரீபில்ட் ஓடியதால், உங்களுக்கு முதல் காரணமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெட்டியின் பதிவேட்டில் அந்த ராத்திரி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

37 சதவீதத்தில் ஏன் நின்றது? ஐந்து டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) திறந்து வையுங்கள். ஸ்பேரில் 5-ஆம் எண், 197-ஆம் எண் வரிகள் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் அந்த டிஸ்க்கே பழுது. 199 ஏறியிருந்தால் டிஸ்க்கை விட்டுவிட்டு கேபிளையும் செருகும் இடத்தையும் சந்தேகப்படுங்கள். 197, 198 ஏறியிருப்பது பழைய மூன்றில் ஒன்றில் என்றால், ஸ்பேர் மேல் பழி போட்டுப் பயனில்லை. அதற்கு எழுதத் தர வேண்டியதை அந்தப் பழைய டிஸ்க்கால் வாசிக்க முடியவில்லை என்று பொருள்.

எல்லா வரியும் சுத்தமாக இருந்தால், ஸ்பேரின் மாடல் எண்ணை வைத்து அது எஸ்.எம்.ஆர் வகையா என்று பாருங்கள். ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குவதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் படியும்படி எழுதும் வகை அது. மணிக்கணக்கில் விடாமல் எழுதச் சொன்னால் திணறும். பதில் வரத் தாமதமானதும், டிஸ்க் செத்துவிட்டது என்று பெட்டி அதை வெளியே தள்ளிவிடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமே தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் இந்த வகை என்று வெளியிட்டது. பெட்டியை மாற்றும் யோசனை இவ்வளவையும் பார்த்த பிறகு வரட்டும்.

இனி கடைக்காரர். ஸ்மார்ட் விவரத்தில் டிஸ்க் ஓடிய மணிக்கணக்கு இருக்கும். 8 மாதம் இரவு பகலாக ஓடியிருந்தாலும் 5,900 மணியைத் தாண்ட வழியில்லை. 20,000, 30,000 என்று காட்டினால் அது பழைய டிஸ்க். கணக்கை அழித்து விற்பவர்களும் உண்டு. சீகேட் டிஸ்க் என்றால் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு உள்ளே இருக்கும், ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் புதிதென்று விற்ற பழைய டிஸ்க்குகள் இதை வைத்துத்தான் பிடிபட்டன. கண்ணாலும் பாருங்கள். ஒருமுறை என் மேசைக்கு வந்த "புது" டிஸ்க்கில் திருகு ஓட்டைகளின் விளிம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது, செருகும் முனையின் தங்கப் பூச்சில் கோடு கோடாகக் கீறல். பெயர் ஒட்டிய தாள் மட்டும் புதிது.

சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழையதைப் புதிதென்று விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. "ஸ்டுடியோவுக்கு வாங்கினீங்க, நீங்க நுகர்வோரே இல்லை" என்று கடையில் சொல்லக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே எடுத்துக்கொள்கிறது. முதலில் பில் நகலோடு கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், 2 ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. டிஸ்க்கைக் கையை விட்டுக் கொடுக்கும் முன் ஸ்மார்ட் திரையையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்து வையுங்கள். 37 சதவீதம் வரை அதில் உங்கள் வாடிக்கையாளர் படங்களின் துண்டுகள் இருக்கின்றன, அழித்துவிட்டுக் கொடுங்கள்.

புதிதாகக் கட்டும்போது ரெய்டு 5-உம் ஸ்பேரும் வேண்டாம். ஐந்தையும் சேர்த்து ரெய்டு 6 போடுங்கள். இரண்டிலும் கிடைக்கும் இடம் அதே 12 டிபிதான். ரெய்டு 6-இல் இரண்டு டிஸ்க் போனாலும் படம் நிற்கும். ஐந்தாவது டிஸ்க் மூலையில் சும்மா சுழலாமல் தினமும் வேலை செய்வதால், பழுது இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். படங்களை ஏற்றும் முன் வெறும் பெட்டியில் ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே உருவி, மறுபடி போட்டு, ரீபில்ட் முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். வெளி டிஸ்க்கில் எடுத்த நகலை அழிக்காதீர்கள், அதுதான் உங்கள் பேக்கப்.

கேள்வி: பெரம்பூரில் ஆடிட்டர் அலுவலகம். ஸ்பேர் டிஸ்க்கைப் பெட்டியில் ஓடவிடாமல் கழற்றி பீரோவில் வைத்தால் தேயாது அல்லவா?

பதில்: வைக்கலாம், பெட்டி கத்தினால் ஓடி வந்து மாற்ற ஆள் இருக்கும்வரை. ஆனால் வாங்கிய அன்றே செருகி ஸ்மார்ட் முழுச் சோதனை ஓட்டிவிடுங்கள், 4 டிபிக்கு ஒரு ராத்திரி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஓட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பயந்து, வந்த பையிலேயே சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். கடைசியாகச் சோதித்த தேதியைப் பைமேல் எழுதி ஒட்டுங்கள்.