விட்டாவின் முகப்பில் கேம்கள் மறைந்தால் உடனே ஃபார்மேட் செய்யாதீர்கள்

கேள்வி: என்னிடம் சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ் விட்டாவின் 2000 மாடல் இருக்கிறது. 3.65 பதிப்பில் என்சோ (விட்டாவை மாற்றியமைக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறேன். எஸ்டி2விட்டா அடாப்டரில் (விட்டாவின் கேம் கார்டு இடத்தில் மைக்ரோ எஸ்டியைச் செருக உதவுவது) மைக்ரோ எஸ்டி கார்டு. ஒரு ஹோம்ப்ரூவை (ஆர்வலர்கள் எழுதிய செயலி) நிறுவிக்கொண்டிருந்தபோது சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. மறுபடி ஆன் செய்தால் பாதி கேம்கள் முகப்பில் இல்லை. சில பபிள்கள் (முகப்பிலுள்ள வட்ட ஐகான்கள்) படமில்லாமல் நிற்கின்றன, தொட்டால் பிழைச் செய்தி வருகிறது. ஆனால் கார்டில் இடம் முன்பு போலவே நிறைந்திருக்கிறது. சேஃப் மோடில் (கோளாறு பார்க்கும் தனித் துவக்கம்) போய் டேட்டாபேஸை ரீபில்ட் (மறுபடி கட்டுதல்) செய்யட்டுமா, கார்டை ஃபார்மேட் செய்யட்டுமா? சேவ்களை (விளையாடிய முன்னேற்றத்தைச் சேமித்த கோப்புகள்) இழக்க மனமில்லை.

பதில்: ஃபார்மேட் வேண்டாம். ரீபில்டும் இப்போதைக்கு வேண்டாம். கார்டில் இடம் நிறைந்தே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் நல்ல செய்தி. கேம்கள் கார்டில் இருக்கின்றன, அவற்றைக் காட்டும் பட்டியல்தான் குழம்பியிருக்கிறது. ஒரு புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் கிழிந்துபோனால் உள்ளே இருக்கும் அத்தியாயங்கள் அழிந்துவிடுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

அந்தப் பட்டியல் ஆப்.டிபி என்ற ஒற்றைக் கோப்பு. அது உங்கள் மைக்ரோ எஸ்டியில் இல்லை, விட்டாவின் உள் நினைவகத்தில் இருக்கிறது. யுஆர்0 என்ற பகுதிக்குள் ஷெல், அதற்குள் டிபி என்ற ஃபோல்டரில் பார்க்கலாம். கைபேசிகளிலும் பிரவுசர்களிலும் இருக்கிற அதே எஸ்க்யூலைட் வகை டேட்டாபேஸ்தான். எந்த கேமுக்கு என்ன பெயர், எந்தப் படம், எந்தப் பக்கத்தில் எத்தனையாவது பபிள், எந்த ஃபோல்டருக்குள் என்பதெல்லாம் அதில் அட்டவணைகளாக இருக்கும். கேமின் உண்மையான கோப்புகள் யுஎக்ஸ்0 பகுதியில், அதாவது உங்கள் மைக்ரோ எஸ்டியில், ஆப் என்ற ஃபோல்டரில் இருக்கும். சேவ்கள் அதே கார்டில் யூசர், 00, சேவ்டேட்டா என்ற வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும். பட்டியல் ஓரிடம், பொருள் வேறிடம். நிறுவல் பாதியில் நின்றால் ஒன்று எழுதப்பட்டு மற்றது எழுதப்படாமல் போகும். உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

முதலில், செய்யக்கூடாத ஒன்று. படமில்லாமல் நிற்கும் பபிளை முகப்பில் அழுத்திப் பிடித்து நீக்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். முகப்பிலிருந்து ஒரு கேமை நீக்கினால் விட்டா அதன் சேவ் கோப்புகளையும் சேர்த்தே அழிக்கும். இந்த மாதிரிக் கோளாறில் சேவ்களைப் பறிகொடுப்பவர்கள் அதிகம் பறிகொடுப்பது டேட்டாபேஸ் பழுதால் அல்ல, இந்த ஒரு அழுத்தலால்தான்.

அடுத்தது பிரதி எடுப்பது. விட்டாவை முழுதாக சார்ஜ் செய்யுங்கள். பிறகு முறையாக அணைத்து, மைக்ரோ எஸ்டியை எடுத்து, ரீடர் வழியே கணினியில் போட்டு, முழுக் கார்டையும் ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுங்கள். விண்டோஸ் என்றால் மறைந்திருக்கும் கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றிய பிறகே நகலெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில ஃபோல்டர்கள் கண்ணில் படாமலே விடுபட்டுப் போகும். கார்டில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். பிரதி கைக்கு வந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நகலெடுக்கும்போதே கார்டின் நலம் தெரிந்துவிடும். ஏதாவது ஒரு கோப்பில் வேகம் அடியோடு விழுந்து நின்றாலோ, படிக்க முடியவில்லை என்று வந்தாலோ, பழுது டேட்டாபேஸோடு முடியவில்லை என்று அர்த்தம். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கார்டைத் திரும்பப் போட்டு விட்டாவை ஆன் செய்யுங்கள். விட்டாஷெல் (விட்டாவில் கோப்புகளைக் கையாளும் செயலி) திறக்கிறதா? திறந்தால் வேலை பாதி முடிந்தது. உள் நினைவகத்திலிருக்கும் ஆப்.டிபியையும் ஒரு பிரதி எடுக்க வேண்டும். அந்த டிபி ஃபோல்டரை அப்படியே யுஎக்ஸ்0 பகுதியில் ஒரு புது ஃபோல்டருக்குள் ஒட்டிவிடுங்கள். அல்லது செலக்ட் பட்டனை எஃப்டிபிக்கு (வைஃபை வழியே கோப்பு அனுப்பும் முறை) அமைத்து, திரையில் காட்டும் முகவரியைக் கணினியில் கொடுத்து இழுத்துக்கொள்ளுங்கள். போர்ட் எண் 1337. யுஎஸ்பி வழியில் கார்டு மட்டுமே கணினிக்குத் தெரியும், உள் பகுதிகள் தெரியாது. அதனால்தான் எஃப்டிபியைச் சொல்கிறேன். போகிற போக்கில் யுஆர்0 பகுதியிலிருக்கும் டாய் ஃபோல்டரையும் எடுத்து வையுங்கள். உங்கள் பிளகின் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) அமைப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சரி, இனி பழுது பார்க்கலாம். விட்டாஷெல்லில் பகுதிகளின் பட்டியல் தெரியும் முதல் திரைக்கு வந்து முக்கோணப் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் ரிஃப்ரெஷ் லைவ்ஏரியா (முகப்பைப் புதுப்பித்தல்) என்று ஒன்று இருக்கும். அது கார்டிலிருக்கும் ஆப் ஃபோல்டரை ஒவ்வொன்றாகப் பார்த்து, பட்டியலில் இல்லாத கேமை மட்டும் சேர்க்கும். கூடுதல் உள்ளடக்கம், பேட்ச் ஆகியவற்றையும் பார்க்கும். ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாது. உங்கள் பக்க அடுக்கும் ஃபோல்டர்களும் கலையாது. ரீபில்டைவிட இதையே நான் எப்போதும் முதலில் சொல்வதற்குக் காரணம் அதுதான். பெரும்பாலானவர்களுக்கு இங்கேயே கேம்கள் திரும்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ரிஃப்ரெஷ் ஓடும்போது சேர்க்க வேண்டிய ஒவ்வொரு கேமையும் கார்டிலிருக்கும் டெம்ப் ஃபோல்டருக்கு நகர்த்தி, அங்கிருந்து சிஸ்டத்திடம் பதிவு செய்யக் கொடுக்கிறது. நடுவில் அணைந்தால் அந்த கேம் டெம்ப்பிலேயே தங்கிவிடும். ஏற்கெனவே ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்து பாதியில் நின்றிருந்தால், காணாமல் போன கேமின் ஃபோல்டர் டெம்ப்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆப் ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு மறுபடி ரிஃப்ரெஷ் செய்யலாம். சார்ஜரைச் செருகிக்கொண்டே செய்வது நல்லது.

ரிஃப்ரெஷ் முடிந்த பிறகும் படமில்லாத பபிள்கள் மிச்சமிருந்தால் அவை நேர் எதிரான வகை: பட்டியலில் வரி இருக்கிறது, கார்டில் பொருள் இல்லை அல்லது அரைகுறையாக இருக்கிறது. அணைந்தபோது நிறுவிக்கொண்டிருந்த அந்த ஹோம்ப்ரூ பெரும்பாலும் இதில் ஒன்றாக இருக்கும். அதன் மேலேயே மறுபடி நிறுவுங்கள். அதே அடையாள எண்ணில் வருவதால் பழைய வரி புதுப்பிக்கப்பட்டுவிடும், நீக்க வேண்டிய அவசியமே வராது.

இனி விட்டாஷெல்லே மறைந்துவிட்ட நிலைமை. அல்லது முகப்பே உறைந்து நிற்கிறது, பக்கம் மாற்றினாலே சிஸ்டம் திரும்பத் துவங்குகிறது. அப்போதுதான் ரீபில்ட். அதைச் செய்ய சேஃப் மோட் ஒரு வழி. அணைத்த நிலையில் ஆர் பட்டன், பிஎஸ் பட்டன், பவர் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் அந்த மெனு வரும். ஆனால் உங்கள் மாதிரி மாற்றியமைத்த கருவியில் அதை நான் கடைசிக்குத் தள்ளுவேன். சேஃப் மோடில் துவங்கும்போது என்சோ ஒதுங்கிக்கொள்கிறது. பிளகின்கள் ஏறுவதில்லை. உங்கள் மைக்ரோ எஸ்டியை யுஎக்ஸ்0 ஆக மாட்டித் தருவதே ஒரு பிளகின்தான். ஆக அந்த நேரத்தில் விட்டாவின் கண்ணுக்கு உங்கள் கார்டே கிடையாது. 2000 மாடலில் உள்ளிருக்கும் 1 ஜிபி இடமோ, செருகியிருந்தால் பழைய சோனி மெமரி கார்டோதான் தெரியும். தெரியாத கார்டை வைத்துப் பட்டியல் போடச் சொல்வதில் அர்த்தமில்லை. அதோடு அந்த மெனுவில் ரீபில்டுக்குப் பக்கத்திலேயே மெமரி கார்டை ஃபார்மேட் செய்வது, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்புவது போன்ற வரிகளும் இருக்கின்றன. பதற்றத்தில் விரல் ஒரு வரி இறங்கினால் போதும். சிஸ்டம் அப்டேட் பக்கம் போகவே போகாதீர்கள், 3.65-ல் போட்ட என்சோ கையை விட்டுப் போய்விடும்.

இதற்கு நல்ல மாற்று கார்டிலேயே இருக்கிறது. யுஎக்ஸ்0 பகுதியின் மேல்மட்டத்தில், எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல், ஐடி.டேட் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். கார்டை விட்டா அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். அது இல்லாவிட்டால் இது புதிய கார்டு என்று எடுத்துக்கொண்டு, துவங்கும்போதே டேட்டாபேஸை மறுபடி கட்டும். எஸ்டி2விட்டாவில் இதன் வசதி என்னவென்றால், விட்டாஷெல் இல்லாமலே காரியம் நடக்கும். கார்டைக் கணினியில் போட்டு அந்தக் கோப்பை நீக்கிவிட்டுத் திரும்பச் செருகி ஆன் செய்தால் போதும். பிளகின்கள் ஏறிய சாதாரணத் துவக்கம் என்பதால் உங்கள் கார்டையே படித்துப் பட்டியல் போடும். கேம்கள் நிறைய இருந்தால் நேரம் பிடிக்கும், பொறுமையாக விடுங்கள். விட்டாஷெல் முகப்புக்குத் திரும்பியதும் ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்துவிடுங்கள், விடுபட்டவை வந்து சேரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ரீபில்ட் எந்த வழியில் நடந்தாலும் நீங்கள் அடுக்கிவைத்த ஃபோல்டர்களும் பபிள் வரிசையும் கலைந்துவிடலாம். கேமும் சேவும் போகாது. நூறு பபிள்களைப் பொறுமையாக அடுக்கியவர்களுக்கு இது வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்காக இன்னொரு வழி சொல்கிறேன், கொஞ்சம் கை பழக்கம் வேண்டும். பிரதி எடுத்த ஆப்.டிபியைக் கணினியில் எஸ்க்யூலைட் கருவியில் திறந்து, பிராக்மா இன்டெக்ரிட்டி செக் என்ற கட்டளையைக் கொடுங்கள். ஓகே என்று ஒற்றைச் சொல் வந்தால் கோப்பு முழுசாக இருக்கிறது. அதைத் திரும்பவும் வைத்துக்கொள்ளலாம், பிரச்சினை வேறெங்கோ. மால்ஃபார்ம்டு என்று வந்தால் உண்மையிலேயே உடைந்திருக்கிறது. அப்போது கட்டளை வரிக் கருவியின் ரெகவர் வசதி, படிக்க முடிந்த வரிகளையெல்லாம் மீட்டு எடுத்துத் தரும். அதை ஒரு புதிய டேட்டாபேஸாக எழுதி, அதற்கும் அதே சோதனையை ஓட்டுங்கள். ஆப்இன்ஃபோ, ஆப்இன்ஃபோ ஐகான், ஆப்இன்ஃபோ பேஜ் என்ற பெயர்களில் முடியும் அட்டவணைகளில் வரிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அடுக்கு விவரம் கடைசி இரண்டில் இருக்கிறது. அவை காலியாக இருந்தால் மெனக்கெட வேண்டாம், ரீபில்டே மேல்.

மீட்ட கோப்பைத் திரும்ப வைக்கும்போது ஒன்று முக்கியம். விட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது முகப்பு அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். நீங்கள் மாற்றிய பிறகு முகப்பில் ஒரு பபிளை நகர்த்தினாலும் பழைய நினைவிலிருந்து எதையாவது எழுதிவிட வாய்ப்பு உண்டு. எனவே விட்டாஷெல்லுக்குள் கோப்பை மாற்றியதும் வேறெதையும் தொடாமல் உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

துவக்கமே முடியாமல் நின்றால் எல் பட்டனைப் பிடித்துக்கொண்டே ஆன் செய்யுங்கள், பிளகின்கள் இல்லாமல் துவங்கும். அப்படித் துவங்கினால் குற்றவாளி பெரும்பாலும் பிளகின், டேட்டாபேஸ் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. யுஎக்ஸ்0 பகுதியிலும் ஒரு டாய் ஃபோல்டர் இருந்தால் சிஸ்டம் அதைத்தான் முதலில் படிக்கும். யுஆர்0 பகுதியில் நீங்கள் செய்த திருத்தம் பலனில்லாமல் போகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வைத்திருங்கள். அதேபோல சி2-12828-1 என்ற பிழை எண்ணைப் பார்த்துவிட்டு டேட்டாபேஸ் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு செயலி நொறுங்கி விழுந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

இப்போது கார்டுக்கு வருகிறேன். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். டேட்டாபேஸைச் சரிசெய்த சில நாளிலேயே கேம்கள் மறுபடி மறைந்தால், மறுபடி மறுபடி ரீபில்ட் செய்துகொண்டிருப்பதில் பயனில்லை. கார்டு செத்துக்கொண்டிருக்கிறது, அல்லது போலி. போலிக் கார்டுகள் தங்களை 256 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும், உள்ளே அதில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த அளவு நிரம்பும்வரை எல்லாம் சரியாகவே ஓடும். அதற்கு மேல் எழுதுவது காற்றோடு போகும், அல்லது பழைய கேமின் மேலேயே எழுதப்படும். இதைக் கண்டுபிடிக்க விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. காலி செய்த கார்டை விளிம்புவரை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். ஆனாலும் செய்யுங்கள். விரைவுச் சோதனை எதுவும் இதற்கு ஈடாகாது.

கார்டு அசல்தான் என்றாலும் அதிலிருக்கும் எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. பாதியில் நின்ற எழுத்தைப் பின்னோக்கிச் சரிசெய்ய உதவும் ஜர்னல் அதில் கிடையாது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் எது எங்கே தொடர்கிறது என்ற கணக்கே தவறிப்போகலாம். பிரதி கையில் இருக்கும்போது கணினியில் செக்டிஸ்க் ஓட்டி அதைச் சரிசெய்யலாம். இடம் தெரியாத துண்டுகளை அது தனி ஃபோல்டரில் போட்டுவிடும். அதில் உங்கள் கேமின் துண்டுகள் இருந்தால் அவற்றை ஒட்டவைக்க முயலாமல், அந்த கேமை மட்டும் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் சார்ஜ் தீர்ந்ததே போதுமான காரணம் என்பதால், ரிஃப்ரெஷ் செய்த பிறகு எல்லாம் அமைதியாக ஓடினால் கார்டைச் சந்தேகிக்கத் தேவையில்லை. கேம்கள் திரும்பியதும் முக்கியமான ஒன்றிரண்டைத் திறந்து சேவ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால், எடுத்துவைத்த பிரதியிலிருந்து அந்த கேமின் அடையாள எண் கொண்ட சேவ் ஃபோல்டரை மட்டும் அதே இடத்தில் வையுங்கள். சேவ்கள் அந்தந்தக் கருவிக்கும் கணக்குக்கும் பூட்டப்பட்டவை, ஆகவே இந்த நேரடிப் பிரதி இதே விட்டாவுக்குத்தான் உதவும். எல்லாம் சரியாக இருந்தால், இப்போது நலமாக இருக்கும் ஆப்.டிபியை இன்னொரு முறை எடுத்துத் தேதி போட்டுக் கணினியில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை இந்தக் கோளாறு வந்தால் அந்தக் கோப்பைத் திரும்ப வைத்து ஒரு ரிஃப்ரெஷ் செய்தால் உங்கள் அடுக்கும் சேர்ந்தே திரும்பிவிடும்.