ரூத் இருந்தும் கடைசி இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் எட்டு பேர் சேர்ந்து ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் லீக் நடத்துகிறோம். பகடையும் கார்டுகளும் வைத்து ஆடும் பேஸ்பால் ஆட்டம் அது, ஒவ்வொரு கார்டும் ஒரு வீரரின் ஒரு வருட ஆட்டத்தைக் காட்டும். எந்தக் காலத்து வீரரையும் எடுக்கலாம். என் அணியில் 1927இன் பேப் ரூத், 1941இன் டெட் வில்லியம்ஸ், 1975இன் ஜோ மார்கன், பந்து வீச 1968இன் பாப் கிப்சன். 1924இன் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பியும் உண்டு. இரண்டாம் பேஸை மார்கனுக்குக் கொடுத்துவிட்டு ஹார்ன்ஸ்பியை ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில், நிறுத்தினேன். 162 ஆட்டங்களில் 71 வெற்றி, 91 தோல்வி, கடைசி இடம். எடுத்தது 742 ரன், கொடுத்தது 758. ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் 22 வெற்றி, 37 தோல்வி. ரூத் அடித்ததே 34 ஹோம் ரன்தான். கார்டுகள் சரியில்லையா, நான் சரியில்லையா? அணியைக் கலைத்துவிடலாமா என்றிருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

கலைக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மோசமான அணி ஒன்று அதில் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ரூத். 1927 செப்டம்பர் 30 அன்று அவர் அந்த சீசனின் 60ஆவது ஹோம் ரனை அடித்தது வாஷிங்டனின் டாம் சாக்கரி வீசிய பந்தில். சாக்கரி நல்ல உழைப்பாளி, நீண்ட காலம் ஆடியவர். ஆனால் வாழ்நாள் கணக்கில் வெற்றியைவிடத் தோல்வி கொஞ்சம் அதிகம். ரூத்தின் 60இல் பல, இப்படிப்பட்ட பிட்சர்களிடம் (பந்து வீசுபவர்களிடம்) வந்தவைதான். உங்கள் லீக்கில் சாக்கரி இல்லை. எட்டு பேரும் தேடித்தேடி எடுத்த மேதைகள்தான் தினமும் எதிரே நிற்கிறார்கள்.

ஆட்டத்தின் அமைப்பே இதைச் சொல்லிவிடும். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் கார்டு, 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் கார்டு. அதாவது ரூத் மட்டையோடு நிற்கும்போது பாதி நேரம் முடிவு எதிராளியின் அட்டையில் இருக்கிறது. அந்த அட்டை வால்டர் ஜான்சன் போன்ற மாபெரும் பிட்சருடையது என்றால் ரூத் என்ன செய்வார்? 34 எனக்குக் குறைவாகவே தோன்றவில்லை. கிப்சனுக்கும் இதே கதைதான். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி (ஃபீல்டர்களின் பிழையால் வந்தது நீங்கலாக) 1.12. அது, லீக் முழுக்கவே அந்தச் சராசரி மூன்றுக்குக் கீழே இருந்த ஆண்டில் வந்தது. மறுவருடம் பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், பேட்டர்கள் அவ்வளவு திணறியிருந்தார்கள்.

அப்புறம் அந்த 742, 758. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் சொன்ன கணக்கு எளிமையானது: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது வெற்றி விகிதம். உங்களுக்கு 0.489 வருகிறது, அதாவது 79 வெற்றி. எட்டு ஆட்டம் எங்கே போனது? அந்த 22-37இல். ஒரு ரன் ஆட்டங்கள் பெரும்பாலும் பகடையின் கையில். அடுத்த சீசனில் அது தானாகவே சமநிலைக்கு நெருங்கி வரும் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது.

பகடைமேல் போட முடியாத தவறு ஒன்றே ஒன்று: ஹார்ன்ஸ்பி. 1924இல் அவர் ஆடியது இரண்டாம் பேஸில். ஃபீல்டரின் தரத்தைக் கேட்கும் பந்துகள் இந்த ஆட்டத்தில் வேறு எந்த இடத்தையும்விட ஷார்ட்ஸ்டாப்புக்குத்தான் அதிகம் போகும். அங்கே பழக்கமில்லாதவரை நிறுத்தினால் கிப்சனின் நல்ல பந்துகூட ஹிட் ஆகிவிடும். நானும் இதைச் செய்திருக்கிறேன். இரண்டு பெரிய பேட்டர்களில் ஒருவரை விட மனமில்லாமல் ஒரு சீசன் முழுக்க இடது பக்கம் ரன் கசிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

மார்கனை விட்டுக்கொடுத்து ஷார்ட்ஸ்டாப் ஓசி ஸ்மித்தைக் கேட்டுப் பாருங்கள். சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருதை 13 முறை வாங்கியவர். பேட்டிங்கில் ரன் குறையும், சரி. கொடுக்கும் ரன் அதைவிட அதிகமாகக் குறையும் என்பது என் கணிப்பு. ஹார்ன்ஸ்பி தன் இடத்துக்குத் திரும்பட்டும், மற்றவர்களைத் தொடாதீர்கள். நாற்பது ஆட்டம் முடிந்ததும் ரன் கணக்கை மட்டும் எழுதி அனுப்புங்கள், வெற்றி தோல்வியை அப்புறம் பார்க்கலாம்.