வெஸ்ட் பாயின்ட்டில் பொறுப்பு கிடைத்தால் மேலே போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கத் தரைப்படையின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாதமியில் தலைமைப் பொறுப்புக்கு அனுப்பப்படும் அதிகாரிகளின் எதிர்காலம் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: அகாதமித் தலைமை என்றால் ஒருவர்தானா, பலரா?

மூன்று அடுக்கு. உச்சியில் சூப்பரின்டென்டென்ட், மூன்று நட்சத்திர லெப்டினன்ட் ஜெனரல். அவருக்குக் கீழே ராணுவப் பயிற்சிக்கும் ஒழுங்குக்கும் கமாண்டன்ட், படிப்புக்கு டீன். இருவரும் ஒரு நட்சத்திர பிரிகேடியர் ஜெனரல்கள். அடியில் கேடட்களோடு, அதாவது பயிற்சி மாணவர்களோடு, தினமும் பழகி அவர்களை மேற்பார்க்கும் டாக் அதிகாரிகள். சுமார் 4,400 கேடட்கள் 4 ரெஜிமென்ட், 36 கம்பெனி என்று பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். கம்பெனிக்கு ஒரு டாக் அதிகாரி, துணைக்கு அனுபவமுள்ள ஒரு சார்ஜென்ட். இந்த மூன்று அடுக்குக்கும் எதிர்காலம் ஒரே மாதிரி இல்லை. "அகாதமிக்குப் போனால் நல்லதா, கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காததற்குக் காரணமே அதுதான்.

கேள்வி: கேப்டனாக இருப்பவர் டாக் பொறுப்பை ஏற்றால், வெளியே படைப்பிரிவில் இருக்கும் தோழர்களைவிடப் பின்தங்கிவிடுவாரா?

பின்தங்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

சேவையில் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆண்டில் மேஜர், 16-ல் லெப்டினன்ட் கர்னல், 22-ல் கர்னல். 1980-ல் வந்த அதிகாரிகள் சட்டத்தை ஒட்டிய அட்டவணை இது. ஓராண்டு முன்னே பின்னே போகும். டாக் பொறுப்புக்குப் போகிறவர் பொதுவாக ஒரு கம்பெனியை நடத்தி முடித்த கேப்டன். அப்போது அவருக்கு 8 ஆண்டு சேவை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓராண்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, டாக் அதிகாரிகளைத் தயாரிக்க நடக்கும் ஐசனோவர் திட்டத்தில் முதுகலைப் படிப்பு. அடுத்த இரண்டு ஆண்டு கேடட் கம்பெனி. வெளியே வரும்போது 11 ஆண்டு ஆகிவிடும், தோளில் மேஜர் பட்டை ஏறியிருக்கும். அடுத்து கான்சாஸில் உள்ள லெவன்வொர்த் ஸ்டாஃப் காலேஜில் சுமார் 10 மாதம். ஆக, 12-ஆம் ஆண்டில்தான் மறுபடி ஒரு பட்டாலியனுக்குள், அதாவது பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவுக்குள், கால் வைக்கிறார்.

இங்கேதான் உயிர்நாடி இருக்கிறது. மேஜராக இருக்கும்போது பட்டாலியனில் ஆபரேஷன்ஸ் அதிகாரியாகவோ, கமாண்டருக்கு அடுத்த நிலையில் இருக்கும் நிர்வாக அதிகாரியாகவோ வேலை பார்த்திருக்க வேண்டும். லெப்டினன்ட் கர்னல் பதவி உயர்வு போர்டு கோப்பைத் திறந்ததும் தேடுவது இதைத்தான். டாக் பொறுப்பு எவ்வளவு அரியதானாலும் இதற்கு மாற்றாகாது. 12-ல் தொடங்கி 14-ல் முடித்தால், போர்டு கூடும்போது பட்டாலியனில் வாங்கிய இரண்டு ஆண்டறிக்கை (மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மதிப்பீடு) கையில் இருக்கும். அது போதும்.

சறுக்குவது மூன்று இடத்தில். கம்பெனி கமாண்டே தாமதமாகக் கிடைத்து, ஐசனோவர் திட்டத்துக்கு 9 அல்லது 10-ஆம் ஆண்டில் போவது முதலாவது. கேடட்கள் மேல் பாசம் வைத்து, இன்னும் ஓராண்டு இருக்கிறேன் என்று கேட்டு வாங்குவது இரண்டாவது. நல்ல மனசுதான், ஆனால் அந்த ஓராண்டு பட்டாலியன் காலத்திலிருந்துதான் கழியும். மூன்றாவது, பல பட்டாலியன்கள் அடங்கிய டிவிஷனுக்குப் போன பிறகு ஆபரேஷன்ஸ் நாற்காலிக்கு வரிசையில் நின்று, ஏதோ ஒரு ஸ்டாஃப் மேஜையில் ஓராண்டைத் தொலைப்பது. இதைத் தவிர்க்க, ஸ்டாஃப் காலேஜில் இருக்கும்போதே எந்த டிவிஷன், எந்த பிரிகேட், எந்த மாதம் இடம் காலியாகும் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மூன்றில் இரண்டு சேர்ந்து வந்துவிட்டால் போர்டு பார்ப்பது அரைகுறைக் கோப்பு. லெப்டினன்ட் கர்னலாக உயர்த்தப்படுவோருக்கு வழிகாட்டு அளவு 70 சதவீதம். தவறவிடும் 30 சதவீதத்தில் விழ அந்த ஒரு குறை போதும்.

இன்னொன்றும் உண்டு. அரசுச் செலவில் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று ஆண்டு சேவைக் கடன், அதாவது அத்தனை ஆண்டு படையில் இருந்தே ஆக வேண்டும். சேவையை விட்டு விலகும் எண்ணம் உள்ளவர் இதைக் கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கேள்வி: அகாதமியில் நன்றாக வேலை செய்தும் ஆண்டறிக்கை சுமாராக வருகிறதாமே?

வரும். ஒரு மேல்நிலை மதிப்பீட்டாளர், தனக்குக் கீழ் ஒரே பதவியில் உள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் அறிக்கைப் படிவத்தின் முதல் கட்டத்தில், அதாவது மிக உயர்ந்த மதிப்பீட்டில், குறி போட முடியும். இது படை முழுவதுக்கும் பொது விதி. ஆனால் டாக் பொறுப்புக்கு வருகிறவர்கள் எல்லோருமே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பழைய பட்டாலியனில் முதல் ஆளாக இருந்தவர், இங்கே சரிக்குச் சரியான கூட்டத்தில் நிற்கிறார். பாதிப்பேருக்கு மேல் இரண்டாவது கட்டம்தான்.

எனவே கட்டத்துக்குக் கீழே எழுதப்படும் நாலைந்து வரிதான் காப்பாற்றும். "கேடட்களுக்குச் சிறந்த முன்மாதிரி" என்ற வரியால் போர்டுக்கு ஒன்றும் தெரியாது. "என் மேஜர்களில் மூன்றாவது இடம், பட்டாலியன் கமாண்ட் கொடுங்கள்" என்ற வரி பேசும். அப்படி எழுத மதிப்பீட்டாளருக்குச் சரக்கு வேண்டும். கம்பெனியில் எத்தனை பேர் பாடத்தில் தவறும் நிலையில் இருந்து மீண்டார்கள், உடற்தகுதித் தேர்வின் சராசரி எப்படி ஏறியது, கோடைக்காலக் களப்பயிற்சியில் தன் பங்கு என்ன, தண்டனையாகத் துப்பாக்கி ஏந்தி முற்றத்தில் மணிக்கணக்காக நடக்கும் கேடட்களின் எண்ணிக்கை குறைந்ததா. இதையெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வைத்து, பேச உட்காரும்போது நீட்ட வேண்டும். ஆண்டுக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும்.

கேள்வி: கமாண்டன்ட் பதவி?

மூன்று அடுக்கில் ஏணி என்று தயங்காமல் சொல்லக்கூடியது இதுதான். 1997 முதல் 1999 வரை கமாண்டன்ட்டாக இருந்த ஜான் அபிசைட் 2003-ல், மத்திய கிழக்கைக் கவனிக்கும் மத்திய கட்டளையின் தலைமைக்கு வந்தார். 2004 முதல் 2006 வரை இருந்த கர்ட்டிஸ் ஸ்கபராட்டி நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதியானார். 2013-ல் வந்த ரிச்சர்ட் கிளார்க் சிறப்புப் படைக் கட்டளையின் தலைவரானார். மூவருமே நான்கு நட்சத்திரம்.

அகாதமிதான் இவர்களை உயர்த்தியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே போர்ப்படைகளை நடத்திக் காட்டியவர்களைத்தான் அங்கே அனுப்புகிறார்கள். அதிகம் தங்கவும் விடுவதில்லை. ஓராண்டு, இரண்டாண்டில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அபிசைட் முதலாவது காலாட்படை டிவிஷனுக்குப் போனார்; கிளார்க் 82-வது வான்வழி டிவிஷனுக்கு. ஸ்கபராட்டி இடையில் மத்திய கட்டளையில் வேலை பார்த்துவிட்டு அதே 82-வது டிவிஷனுக்குப் போனார். டிவிஷன் கமாண்ட்தான் அடுத்த கதவைத் திறந்தது.

கேள்வி: சூப்பரின்டென்டென்ட் ஆனவர் அதோடு ஓய்வு பெற வேண்டுமா? மெக்ஆர்தர் அப்படிப் போகவில்லையே?

அந்தக் காலம் வேறு. மெக்ஆர்தர் 1919-ல் 39 வயதில் அந்த நாற்காலிக்கு வந்தார், 1930-ல் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். மேக்ஸ்வெல் டெய்லர், வெஸ்ட்மோர்லேண்ட் இருவரும் அகாதமியை நடத்திய பிறகே அதே பதவிக்குப் போனவர்கள்.

1990-களின் இறுதியில் சட்டம் மாறியது. இப்போது பதவியை ஏற்கும்போதே, முடிந்ததும் ஓய்வு என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். இதை நல்ல ஏற்பாடு என்றே சொல்வோம். அடுத்த பதவிக்கு யாரைத் திருப்திப்படுத்துவது என்று யோசிக்காதவர் அங்கே இருந்தால், கேடட்கள் விஷயத்தில் கசப்பான முடிவையும் எடுக்க முடியும்.

விலக்குக்கும் வழி உண்டு. பாதுகாப்பு அமைச்சர் தர வேண்டும். 2018 முதல் 2022 வரை இருந்த டாரில் வில்லியம்ஸ் ஓய்வு பெறாமல், நான்காவது நட்சத்திரத்தோடு ஐரோப்பா–ஆப்பிரிக்கத் தரைப்படைத் தளபதியாகப் போனார். இதை எதிர்பார்த்துப் பதவியை ஏற்பது மட்டும் புத்திசாலித்தனமல்ல. ஓய்வுக்குப் பின் பல்கலைக்கழகங்கள் அழைக்கின்றன: 2018-ல் அகாதமியை விட்ட ராபர்ட் காஸ்லன் 2019-ல் சவுத் கரோலினா பல்கலைக்கழகத் தலைவரானார்.

கேள்வி: டீன்?

அது தனி வழி. அகாதமியிலேயே நிலையாக இருக்கும் பேராசிரியர்களிலிருந்து தேர்வாகிறார். அந்த வழியில் இறங்கிய அதிகாரி படைக் கமாண்டை மறந்துவிட வேண்டியதுதான். ஆசிரியப்பணியே உயிர் என்பவருக்கு அதில் நஷ்டமில்லை.

கேள்வி: கேடட்கள் செய்யும் தப்பு தலைவரின் பதவியைப் பாதிக்குமா?

கடுமையாக. 1976-ல் மின்பொறியியல் பாடத்தில் பெரிய காப்பி விவகாரம் வெடித்தது. அகாதமியை நிமிர்த்த, ஓய்வுபெற்ற நான்கு நட்சத்திர ஜெனரல் ஆண்ட்ரூ குட்பாஸ்டரை 1977-ல் திரும்ப அழைத்தார்கள். அவர் ஒரு நட்சத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று நட்சத்திரத்தோடு வேலை பார்த்தார். 2003-ல் விமானப்படை அகாதமியில் பாலியல் வன்முறைப் புகார்கள் கிளம்பியபோது தலைமையில் இருந்தவர்கள் மாற்றப்பட்டார்கள். சூப்பரின்டென்டென்ட்டாக இருந்தவர் மூன்று நட்சத்திரத்தில் இருந்தும் இரண்டு நட்சத்திர நிலையில்தான் ஓய்வு பெற்றார். வகித்த பதவியிலேயே ஓய்வு தர, அந்தப் பதவியில் சேவை திருப்திகரம் என்று மேலிடம் சான்று தர வேண்டும். அது வராவிட்டால் ஓய்வு நிலையும் இறங்கும்.

பெரும்பாலும் சிக்க வைப்பது, புகார் வந்த தேதிக்கும் நடவடிக்கை எடுத்த தேதிக்கும் இடையில் உள்ள இடைவெளி. புகார் வந்த அன்றே தேதி போட்டுப் பதிவு செய்வதும், விசாரணை அதிகாரியைக் கம்பெனிக்கு வெளியிலிருந்து நியமிக்கக் கேட்பதும், புகார் கொடுத்தவரையும் புகாருக்கு ஆளானவரையும் ஒரே அறைக்கு அழைக்காமல் இருப்பதும் கமாண்டன்ட்டுக்கும் பொருந்தும், கம்பெனி டாக்குக்கும் பொருந்தும்.