வெள்ளத்தை வானிலிருந்து அளப்பது எப்படி? கேள்வி பதில்

மேகம் மூடியிருந்தாலும் செயற்கைக்கோளுக்கு வெள்ளம் தெரியுமா சார்?

ரேடார் இருந்தால் தெரியும். ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. மேகம், இருட்டு எதுவும் அதைத் தடுக்காது. அசையாத தண்ணீரில் பட்ட அலை சறுக்கி அப்பால் போய்விடுவதால் படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். அதற்காகக் கறுப்பெல்லாம் வெள்ளம் என்று எண்ணிவிடாதீர்கள்.

2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளத்துக்கு வரைபடம் போட்டேன். கடலோரம் பூராவும் முழுகியதாக வருகிறதே?

உப்பளம், தம்பி! பாத்தியில் நிற்கும் தண்ணீரும் அதே கறுப்புதான். மழைக்கு முந்தைய படம் ஒன்றை, அதே சுற்றுப்பாதையில் எடுத்ததாகப் பார்த்து, பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் கறுப்பாக இருப்பதைக் கழித்துவிடலாம். பிசான (தென்மாவட்ட நெல் பருவம்) நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் அப்போதும் ஏமாற்றும். வாழைத்தோப்பு நேர்மாறு: உள்ளே இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் இலையே அலையைத் திருப்பிவிடும். ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் வரைபடத்தை வெளியே விடாதீர்கள்.

கூகுள் மேப் சாட்டிலைட் படம் போதாதா?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: அது என்றோ எடுத்த படம்.

வெள்ளப் பரப்பின்மேல் மக்கள்தொகைக் கட்டங்களை (நிலத்தைச் சிறு சதுரங்களாக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று காட்டும் வரைபடம்) வைத்துக் கூட்டினால் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை வந்துவிடும்தானே?

வராது. அந்தக் கட்டங்களுக்கு அடிப்படை 2011 கணக்கெடுப்பு. யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதுதான் அதில் இருக்கும். டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. உங்கள் கூட்டலில் அவர்கள் எங்கே?

(அவரே) அது விதிவிலக்கு. ரயிலில் இருந்தவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே!

விதிவிலக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. சாலை அறுந்தால் மேட்டில் இருக்கும் ஊரும் பாலுக்கும் மருந்துக்கும் தவிக்கும். சாலை வரைபடத்தை எடுத்து, முழுகிய துண்டுகளை வெட்டிவிட்டு, எந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை என்று பாருங்கள். நனையாதவர்கள் அதில்தான் அகப்படுவார்கள்.

(அவரே) சரி, 'முழுகிய பரப்பில் வசிப்போர்' என்று தலைப்பை மாற்றினால் ஒத்துக்கொள்வீர்களா?

ஒத்துக்கொள்கிறேன். படம் எடுத்த தேதியும் நேரமும் கூடவே இருக்கட்டும். 2023 டிசம்பரில் சென்டினல்-1 வரிசையில் 1ஏ என்ற ஒரு செயற்கைக்கோள்தான் இயங்கியது. அதே பாதைக்கு மறுபடி வர அதற்கு 12 நாள்; இடையில் தண்ணீர் ஏறியதும் வடிந்ததும் அந்தப் படத்தில் இருக்காது.

வீட்டுக் காப்பீட்டுக்கு இந்தப் படம் செல்லுமா?

வக்கீலைக் கேளுங்கள்.

வேளச்சேரியில் எங்கள் தெரு தெரியுமா?

சந்தேகம்தான். சுவருக்கும் தண்ணீருக்கும் இடையே அலை இரண்டுமுறை மோதித் திரும்புவதால், முழுகிய தெரு கறுக்காமல் வெளுத்துக்கூடத் தெரியும்.