கிளப் வழியாகவா, நேரடியாகவா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் நானும் மனைவியும் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். விற்பனைக் கையேட்டின்படி அதன் நீளம் 6.99 மீட்டர். வரும் மே மாதம் ஸ்பெயின் சென்று ஐந்து வாரம் கழித்துத் திரும்ப எண்ணம். இத்தகைய வண்டி வைத்திருப்போருக்கான பிரிட்டன் அமைப்பான கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டோம். வண்டியோடு ஏறிச் செல்லும் ஃபெர்ரி கப்பல் பயணத்தைக் கிளப் வழியாகப் பதிவு செய்தால் மலிவு என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கப்பல் நிறுவனத்திடமே நேராகப் பதிவு செய்வதுதான் நிம்மதி என்கிறார்கள் வேறு சிலர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கென்ட்

பதில்: இரு தரப்பு நண்பர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒரு தரப்பினர் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள், மறு தரப்பினர் பயணத்தில் ஏதேனும் மாறினால் யாரிடம் போய் நிற்பது என்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக எடை கொடுப்பேன். அதிலும் உங்களைப் போல் ஸ்பெயின் வரை செல்பவர்களுக்கு.

முதலில் விலையைப் பார்ப்போம். 1907-இல் தொடங்கப்பட்டு 2017-இல் இன்றைய பெயரைப் பெற்ற உங்கள் கிளப்பும், 1901-இல் தொடங்கப்பட்ட கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பும், தங்கள் உறுப்பினர்களுக்காகக் கப்பல் நிறுவனங்களிடம் பேசி வாங்கிய கட்டணங்களில் பயணங்களை விற்கின்றன. கப்பல் நிறுவனங்கள் வண்டியின் நீளத்தையும் உயரத்தையும் பார்த்தே கட்டணம் கேட்பதால், சாதாரணக் காருக்கு அதிகம் தெரியாத சலுகை மோட்டார்ஹோமுக்குக் கண்ணில் படும் தொகையாக அமைவதுண்டு. ஆனால் அது எல்லாத் தடங்களிலும் எல்லாத் தேதிகளிலும் கிடைப்பதில்லை. இடம் நிரம்ப நிரம்ப நிறுவனங்களின் கட்டணமும் ஏறுகிறது. நடுநடுவே அவை தாமாகவே தள்ளுபடி விற்பனையும் அறிவிக்கின்றன. ஆகவே போன வருடம் யாருக்கோ கிளப்பில் மலிவாகக் கிடைத்தது என்பது இந்த வருடம் உங்களுக்குக் கிடைக்கும் என்பதற்கு உறுதியாகாது.

இரண்டு விலைகளையும் ஒரே மாலையில், ஒரே மேசையில் அமர்ந்து பார்க்க வேண்டும். அதே தேதி, அதே கப்பல், அதே நீளம், அதே எண்ணிக்கையில் பயணிகள் என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். சீட்டின் வகையைத்தான் கோட்டை விடுகிறார்கள். ஒருபுறம் பணம் திரும்பக் கிடைக்காத மலிவுச் சீட்டையும் மறுபுறம் தேதி மாற்ற இடம் தரும் சீட்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நாற்பது பவுண்டு மிச்சம் என்று மகிழ்வதில் பொருளில்லை. தேதியை மாற்றக் கப்பல் நிறுவனம் கேட்கும் கட்டணம் எவ்வளவு, அதன் மேல் இடைத்தரகராகக் கிளப் தனியாக ஏதேனும் கேட்கிறதா என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி செல்பவர்களுக்கென்று கப்பல் நிறுவனங்களே நடத்தும் உறுப்பினர் திட்டங்களும் உள்ளன; பிரிட்டனி ஃபெர்ரீஸின் கிளப் வோயாஜ் அவற்றில் ஒன்று. ஒரே ஒரு பயணத்துக்காக அதில் சேர்வது பலன் தருமா என்பதை ஆண்டுக் கட்டணத்தை வைத்துக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது தடம். இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸின் கலே ஏறத்தாழ 90 நிமிடப் பயணம். பி அண்ட் ஓ, டிஎஃப்டிஎஸ், ஐரிஷ் ஃபெர்ரீஸ் என்று மூன்று நிறுவனங்கள் நாள் முழுவதும் கப்பல் விடுகின்றன. ஒரு கப்பல் தவறினாலும் அடுத்தது அதிகத் தொலைவில் இல்லை. இங்கே எது மலிவோ அதை வாங்கிவிடுங்கள்; கிளப்பா நேரடியா என்று இரண்டு நாள் யோசிக்கும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. டோவருக்கு அருகிலுள்ள ஃபோக்ஸ்டனிலிருந்து, கடலடிச் சுரங்கத்தில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரயிலில் சென்றால் 35 நிமிடம்தான். ஆனால் எல்பிஜி வாயுவால் ஓடும் வண்டியை அதில் ஏற்ற மாட்டார்கள், சமையலுக்கான சிலிண்டர்களுக்கும் எடை வரம்பு வைத்திருக்கிறார்கள்.

போர்ட்ஸ்மத்திலிருந்து ஸ்பெயினின் சான்டாண்டருக்கோ பில்பாவோவுக்கோ செல்வது முற்றிலும் வேறு சங்கதி. ஒரு நாளுக்கும் மேல் கடலில் இருப்பீர்கள், அறை எடுக்க வேண்டும், வாரத்துக்குச் சில கப்பல்களே உண்டு, ஒன்று ரத்தானால் அடுத்ததில் மோட்டார்ஹோமின் உயரத்துக்கு ஏற்ற தளத்தில் இடம் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. நாய் இருந்தால் செல்லப்பிராணிகளுக்கென்று ஒதுக்கிய அறை வேண்டும். அவை மிகக் குறைவு, விரைவில் தீர்ந்துவிடும். இத்தகைய பயணத்தில் அறையை மாற்றுவது, திரும்பும் தேதியைத் தள்ளிப்போடுவது போன்ற சில்லறை வேலைகள் பல வரும். நேரடியாகப் பதிவு செய்திருந்தால் உங்கள் கணக்கில் நுழைந்து நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கிளப் வழியாகச் செய்திருந்தால், பெரும்பாலும் கப்பல் நிறுவனம் உங்களிடம் பேசாமல் கிளப்பிடம் போகச் சொல்லும்.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைநிலை அமைப்பின் வழியாக ஞாயிறு இரவுக் கப்பல் ஒன்றில் இடம் எடுத்திருந்தேன். சனிக்கிழமை மாலை அந்தக் கப்பல் ரத்தானது. செய்தி போய்ச் சேர்ந்ததோ எனக்குப் பதிலாக அந்த அமைப்பின் மின்னஞ்சலுக்கு. அவர்கள் அலுவலகம் திங்கட்கிழமை காலைதான் திறக்கும். ஞாயிறு மாலை துறைமுக வாயிலில், சிக்னல் கம்பத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினேன். அங்கே சீட்டைச் சரிபார்க்கும் பெண் தன் திரையைத் திருப்பிக் காட்டியபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நேரடியாகப் பதிவு செய்திருந்த பக்கத்து வண்டிக்காரர் முந்தின இரவே அடுத்த கப்பலில் இடம் பிடித்துவிட்டிருந்தார். கிளப் வழியாகப் பதிவு செய்தாலும் உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கப்பல் நிறுவனத்தின் பதிவில் இருக்கின்றனவா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை.

கடன் அட்டையில் செலுத்துவோர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றும் உண்டு. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள சேவை கிடைக்காமல் போனால் அட்டை நிறுவனத்தையும் பொறுப்பேற்க வைக்கிறது. ஆனால் பணம் செலுத்தியவருக்கும் சேவை தருபவருக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். இடையில் தரகர் பணத்தைப் பெற்றுக்கொண்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகக்கூடும். நேரடிப் பதிவுக்கு இது ஒரு சாதகம்.

மறுபக்கம், கப்பலையும் முகாம் மனையையும் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) சேர்த்து ஒரே விலையில் கிளப்பிடம் வாங்கினால், அது 2018-ஆம் ஆண்டின் பயணத் தொகுப்பு விதிகளுக்குள் வரலாம். வந்தால் முழுப் பயணத்துக்கும் கிளப்பே பொறுப்பு; கப்பல் நிறுவனம் திவாலானாலும் நீங்கள் அவர்களிடம் கேட்கலாம். கப்பல் சீட்டை மட்டும் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, கப்பலில் அறை எடுத்துத் தூங்கினாலும் அது தொகுப்பு ஆகாது. வாங்குமுன் ‘இது தொகுப்பா?’ என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் பயணத்துக்கு என் யோசனை: ஸ்பெயின் கப்பலில் போவதானால் நேரடியாகப் பதிவு செய்யுங்கள், கிளப்பின் விலை வெகுவாகக் குறைந்திருந்தாலொழிய. கலே வழியாக இறங்கி, பிரான்ஸில் முகாம்களில் தங்கியபடி தெற்கே போவதானால், மனைகளோடு சேர்த்துக் கிளப்பிடமே எடுப்பது நல்லது.

கேள்வி: கிளப் வழியாக ஏற்கெனவே பதிவு செய்துவிட்டோம். பதிவின்போது விற்பனைக் கையேட்டில் உள்ள நீளத்தைக் கொடுத்தோம். பின்னால் மிதிவண்டித் தாங்கி பொருத்தியது அப்போது நினைவுக்கு வரவில்லை. பரவாயில்லையா?
– வாசகி, ஹாரோ

பதில்: பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். வண்டியின் மூக்கிலிருந்து தாங்கியின் கடைசிக் குழாய் வரை, மிதிவண்டிகளை ஏற்றிய நிலையில், அளவு நாடாவைப் பிடித்துப் பாருங்கள், கையேட்டில் 6.99 மீட்டர் என்றிருக்கும் வண்டிகூடச் சுலபமாக ஏழரை மீட்டரைத் தாண்டிவிடும். உயரத்தையும் தரையிலிருந்து கூரையின் மேலுள்ள ஏசி கருவி, செயற்கைக்கோள் ஆன்டெனா ஆகியவற்றின் உச்சி வரை அளக்க வேண்டும். துறைமுகத்தில் அளந்து வித்தியாசம் கண்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கப்பல் நிரம்பியிருந்தால் அடுத்ததற்குக் காத்திருக்கச் சொல்லவும் கூடும். திருத்தத்தைக் கிளப்பிடம்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் புதிய உறுதிச் சீட்டை அனுப்பச் சொல்லி, அதில் மாறிய அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கிளப் வழியாகச் சென்ற பயணத்தில் கப்பல் இரண்டரை மணி நேரம் தாமதம். இழப்பீட்டை யாரிடம் கேட்பது?
– வாசகர், லெஸ்டர்

பதில்: சீட்டை யார் விற்றிருந்தாலும் தாமதத்துக்கான இழப்பீடு கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு. 1177/2010 எண்ணுள்ள ஐரோப்பிய ஒழுங்குமுறை, பிரெக்சிட்டுக்குப் பின்னும் பிரிட்டன் சட்டத்தில் தொடர்கிறது. நான்கு மணி நேரம் வரையிலான பயணத்தில் ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் சீட்டு விலையில் 25 சதவீதமும், தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதமும் கேட்கலாம். உங்கள் பயணம் டோவர்–கலே போன்ற குறுகிய தடத்தில் என்றால் பாதி விலைக்கு உரிமை உண்டு. கப்பலைப் பாதுகாப்பாகச் செலுத்த முடியாத வானிலைதான் காரணம் என்று நிறுவனம் காட்டினால் இழப்பீடு கிடையாது. புகாரைப் பயண நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். நிறுவனம் கேட்கக்கூடும் என்பதால், நீங்கள் செலுத்திய தொகையைக் காட்டும் கிளப்பின் ரசீதையும் அதோடு இணைத்துவிடுங்கள்.