பிரகடனம் எழுதிய அறையில் ஒரு 14 வயதுப் பையன்: கேள்வி பதில்

கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 1770களிலிருந்து, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதிப் பின்னாளில் ஜனாதிபதியுமான ஜெஃபர்சன் சாகும்வரைக்குமான அமெரிக்காதான் நான் அதிகம் படித்த இடம். சுதந்திரம் பேசியவர்கள் அடிமைகளை வைத்திருந்ததைப் பற்றி இன்று கேட்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: "அந்தக் காலத்து மனிதர்கள் அப்படித்தான்" என்று தொடங்குமுன், அதே காலத்தில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

கல்லூரி மாணவி: சார், "எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்று எழுதிய ஜெஃபர்சனே அடிமைகள் வைத்திருந்தாராமே? எழுதும்போது அவருக்கு உறுத்தவில்லையா?

உறுத்தியதும்மா. உறுத்தியும் வைத்திருந்தார். அதுதான் இந்த விஷயத்தின் கனமே.

1776 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கொத்தனாரின் வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார் ஜெஃபர்சன். மடியில் வைத்து எழுதும் சின்ன மரப்பெட்டி ஒன்றின் மேல்தான் பிரகடனத்தை எழுதினார். அவருக்குப் பணிவிடை செய்ய வர்ஜீனியாவிலிருந்து கூட்டிவந்திருந்தது ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயதுப் பையனை. உடுப்பு எடுத்துவைப்பது, வெந்நீர் கொண்டுவருவது, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவது இதெல்லாம் அந்த மாதிரிப் பையன்களின் வேலை. அவன் ஜெஃபர்சனுக்குச் சொந்தமான அடிமை. ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்கு அவன் தம்பியும்கூட. மார்த்தாவின் அப்பா ஜான் வெயில்ஸ், எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை. அப்பா விட்டுப்போன சொத்தோடு சொத்தாக, அக்காவுக்குத் தம்பி வந்து சேர்ந்த வீடு அது.

அந்த அறையில் எழுதிய வரைவில் பிறகு வெட்டப்பட்ட ஒரு பத்தி உண்டு. அடிமை வியாபாரத்தை இங்கிலாந்து அரசரின் குற்றமாகச் சுமத்தி, அது மனித இயல்பின் மீதே தொடுத்த கொடிய போர் என்று எழுதியிருந்தார். மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபை அதை அப்படியே எடுத்துவிட்டது. தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் விரும்பவில்லை, ஆட்களைக் கப்பலேற்றிச் சம்பாதித்த வடக்கத்தியருக்கும் கொஞ்சம் குத்தியது என்று அவரே பின்னால் எழுதிவைத்தார். ஆனால் பழி முழுவதையும் அரசர் தலையில் போட்ட அந்தப் பத்தியில், ஆட்களை வாங்கிய கைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்கள் ஜெஃபர்சனின் உடைமையாக இருந்தார்கள்.

யுபிஎஸ்சி படிப்பவர்: 1787 அரசியல் சாசனத்தின் ஐந்தில் மூன்று விதிப்படி கறுப்பர்கள் முக்கால்வாசி மனிதர்கூட இல்லை என்று சொல்லிவிட்டார்கள், சரிதானே?

பாடப்புத்தகத்தில் பாதிப் பேர் இப்படித்தான் படித்துவைத்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அது மனித மதிப்பின் அளவு இல்லை, சபையில் இடம் பிரிக்கும் கணக்கு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம் என்பதை மக்கள்தொகை வைத்து முடிவு செய்தார்கள். அடிமைகளை முழுசாக எண்ண வேண்டும் என்று கேட்டது தெற்கு. எண்ணவே கூடாது என்றது வடக்கு. கடைசியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று சமரசம் ஆனது. முழுசாக எண்ணியிருந்தால் ஓட்டே இல்லாத அந்த மக்களின் தலையைக் காட்டி, எஜமானர்கள் இன்னும் அதிக இடம் வாங்கியிருப்பார்கள். ஆக, ஐந்தில் மூன்று என்பது அடிமை முதலாளிகளுக்குக் கிடைத்த உபரி அதிகாரம். சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பர் அந்தக் கணக்கில் ஒரு முழு ஆள்தான்.

முதல் 12 ஜனாதிபதிகளில் 10 பேர் ஏதோ ஒரு காலத்தில் அடிமை வைத்திருந்தவர்கள். அப்பாவும் மகனுமான இரண்டு ஆடம்ஸ்கள் மட்டும் இல்லை. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தச் சாசனத்தில் "அடிமை" என்ற சொல்லே கிடையாது. "மற்ற ஆட்கள்" என்றும், "பணிக்குக் கட்டுப்பட்ட நபர்" என்றும் சுற்றிவளைத்தார்கள். "அடிமைமுறை" என்ற சொல் சாசனத்துக்குள் நேராக நுழைந்தது 1865இல், அதை ஒழித்த 13ஆம் திருத்தத்தில்.

வங்கி ஊழியர்: வாஷிங்டன் தன் அடிமைகளை விடுதலை செய்தாரே. அவரையும் இதில் சேர்ப்பது நியாயமா?

செய்தார், உயிலில். 1799இல் அவர் இறந்தபோது அவருடைய பண்ணையான மவுண்ட் வெர்னானில் இருந்த 317 பேரில் 123 பேர் அவருடையவர்கள். அவர்களுக்கு விடுதலை கிடைத்தது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஜனாதிபதியாக ஃபிலடெல்ஃபியாவில் இருந்தபோது நடந்ததையும் சேர்த்துப் படியுங்கள். வெளியூர்க்காரர் கூட்டிவந்த அடிமை ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்கினால் விடுதலை கேட்கலாம் என்று பென்சில்வேனியாவில் சட்டம் இருந்தது. ஆறு மாதம் முடியுமுன் ஆட்களை மாநில எல்லை தாண்டி அனுப்பிவைத்துத் திரும்ப வரவழைக்க ஏற்பாடு செய்தார் வாஷிங்டன். அந்த ஆட்களுக்கும் பொதுமக்களுக்கும் காரணம் தெரியாதபடி செய்யுங்கள் என்று செயலருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். 1796 மே மாதம் ஒரு நாள், அந்தக் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓனா ஜட்ஜ் என்ற பெண் வாசல் வழியாகவே வெளியேறிப் போய்விட்டார். பிடித்துத் தருபவருக்குப் பரிசு அறிவித்து விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஹாம்ப்ஷயருக்குப் போன ஓனா, 1848இல் சாகும்வரை பிடிபடவே இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: ஐயா, என்ன இருந்தாலும் அவர்கள் அந்தக் காலத்து மனிதர்கள்...

முதல் பத்தியிலேயே கேட்டுக்கொண்டேன். பரவாயில்லை, பதில் இருக்கிறது.

ராபர்ட் கார்ட்டர் அதே வர்ஜீனியாவின் பெரும் பண்ணைக்காரர். 1791இல் பத்திரம் எழுதிவைத்து, சுமார் 500 பேரைப் படிப்படியாக விடுவித்தார். எட்வர்ட் கோல்ஸ் ஜெஃபர்சனின் பக்கத்து ஊர் இளைஞர். 1814இல் அவர் ஜெஃபர்சனுக்கே எழுதினார்: நீங்கள் முன்னின்று பேசினால் நாடு கேட்கும், வாருங்கள் என்று. எனக்கு வயதாகிவிட்டது, இது இளையவர்கள் செய்ய வேண்டிய காரியம் என்று பதில் வந்தது. அதோடு, உன் ஆட்களைக் கைவிடாமல் ஊரிலேயே இரு என்ற புத்திமதியும். கோல்ஸ் கேட்கவில்லை. 1819இல் தன் அடிமைகளோடு மேற்கே கிளம்பினார். ஒஹாயோ ஆற்றில் படகு போய்க்கொண்டிருக்கும்போதே, இனி நீங்கள் சுதந்திர மனிதர்கள் என்று அவர்களிடம் சொன்னார். இல்லினாய் போய்ச் சேர்ந்ததும் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் கொடுத்தார். பின்னால் அந்த மாநிலத்துக்கே ஆளுநராகி, அங்கே அடிமைமுறையைக் கொண்டுவர நடந்த முயற்சியை 1824இல் முறியடித்தார். கார்ட்டரும் கோல்ஸும் அந்தக் காலத்து மனிதர்கள்தானே?

இன்னொரு தேர்வர்: ஐந்தில் மூன்று விதி பற்றிச் சொல்ல முடியுமா சார்?

மேலே இருக்கிறது தம்பி.

வழக்கறிஞர்: ஒரு மாற்றுக் கருத்து. முரண்பாடு என்று ஒன்றே இல்லை என்பது என் வாதம். 1776இல் "மனிதர்" என்றால் வெள்ளை ஆண்கள், அவ்வளவுதான். அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். முரண்பாடு நாம் பின்னால் ஏற்றியது.

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. முழுசாக மறுக்கிறேன்.

வெட்டப்பட்ட அந்தப் பத்திக்கே வாருங்கள். "மனிதர்கள் வாங்கி விற்கப்படும் சந்தை" என்று அதில் ஜெஃபர்சன் எழுதுகிறார். ஆங்கிலத்தில் அந்த "மனிதர்கள்" என்ற சொல்லைப் பெரிய எழுத்துகளில் அழுத்தி எழுதியிருக்கிறார். யாரைச் சொல்கிறார்? ஆப்பிரிக்கர்களை. அதே தாள்கட்டு, அதே கை, அதே சொல்.

வழக்கறிஞர்: 1857இல், விடுதலை கேட்டு வந்த ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் தலைமை நீதிபதி டேனி நான் சொல்வதைத்தானே தீர்ப்பாகச் சொன்னார்? அந்தச் சொற்களில் கறுப்பர்களைச் சேர்க்கும் எண்ணமே இல்லை என்று.

சொன்னார். அதே வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி கர்ட்டிஸையும் நீங்கள் படித்திருப்பீர்கள். புரட்சிக் காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, வட கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் தகுதி இருந்தால் ஓட்டுப் போட்டார்கள் என்று எடுத்துக்காட்டினார். ஓட்டுப் போட்டவர்கள் சாசனம் சொல்லும் "மக்கள்" என்பதில் இல்லாமல் எங்கே போனார்கள்? டேனி வரலாற்றைச் சொல்லவில்லை, 1857இன் தேவைக்கு வரலாற்றைத் திருத்தினார்.

இன்னும் வலுவான சாட்சி எதிர்த் தரப்பிலேயே இருக்கிறது. 1861இல் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் சவானா நகரில் பேசினார். அடிமைமுறை இயற்கை நியதிக்கு விரோதம், கொள்கையளவில் தவறு என்றுதான் ஜெஃபர்சனும் அவர் காலத்துப் பெரியவர்களும் எண்ணினார்கள். இனங்கள் சமம் என்ற அந்த அடிப்படையே பிழை. நம் புதிய அரசு நேர் எதிரான கருத்தின்மேல் நிற்கிறது என்றார். "மனிதர்" என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்று அடிமைமுறையைக் காக்க வந்தவருக்கே தெரிந்திருந்தது.

வழக்கறிஞர்: ஆனால் கறுப்பர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று ஜெஃபர்சனே எழுதியிருக்கிறாரே?

எழுதியிருக்கிறார், வர்ஜீனியாவைப் பற்றிய நூலில். படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அதே நூலில்தான் "கடவுள் நீதியுள்ளவர் என்று நினைக்கும்போது என் நாட்டுக்காக நடுங்குகிறேன்" என்றும் எழுதினார். 1791இல் பெஞ்சமின் பானக்கர் என்ற கறுப்பின வானியல் அறிஞர், தான் கணித்த பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் படியை அவருக்கு அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் வைத்தார். பிரகடனத்தின் வரிகளையே எடுத்துப் போட்டு, இதை எழுதிய நீங்கள் எங்கள் சகோதரர்களை எப்படிப் பிடித்துவைத்திருக்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்ட கடிதம். ஆக, முரண்பாட்டை நாம் பின்னால் ஏற்றவில்லை, சார். வரி எழுதிப் 15 வருடத்தில், எழுதியவர் மேஜைக்கே அது தபாலில் வந்துவிட்டது.

வழக்கறிஞர்: ஓட்டு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் இன்னும் சந்தேகம் உண்டு.

சரி, அந்தச் சந்தேகத்தோடு அடுத்த பதிலையும் படித்துப் பாருங்கள்.

பள்ளி ஆசிரியை: அடிமைகளாக இருந்தவர்கள் யாராவது இந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் டீச்சர்.

மாசசூசெட்ஸில் ஷெஃபீல்ட் என்ற ஊர். ஜான் ஆஷ்லி என்பவர் வீட்டு மாடியில் 1773 ஜனவரியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தீர்மானம் எழுதினார்கள்: மனிதர்கள் இயற்கையில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று. பேனா பிடித்தவர் தியடோர் செட்ஜ்விக் என்ற இளம் வக்கீல். அந்த வீட்டில் பெட் என்று ஒரு அடிமைப் பெண் இருந்தார். எழுத்து தெரியாது, காது இருந்தது.

ஒரு நாள் ஆஷ்லியின் மனைவி கோபத்தில் அடுப்பிலிருந்து பழுக்கக் காய்ந்த கரண்டியை எடுத்து ஒரு சின்னப் பெண்ணை அடிக்க ஓங்கினார். பெட் குறுக்கே கையை நீட்டி, அந்தச் சூட்டைத் தான் வாங்கிக்கொண்டார். ஆறிய பிறகும் தழும்பை மூடவில்லை. கையில் என்ன என்று கேட்பவர்களிடம், "எஜமானியைக் கேளுங்கள்" என்பாராம்.

1780இல் மாசசூசெட்ஸ் புதுச் சாசனம் எழுதியது. அதன் முதல் பிரிவிலேயே எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று இருந்தது. பெட் நேராக அதே செட்ஜ்விக்கிடம் போய், இந்தச் சட்டம் எனக்கும் சேர்த்துத்தானே என்று வழக்குப் போடச் சொன்னார். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விடுதலையோடு 30 ஷில்லிங் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. கூலி தருகிறேன், திரும்பி வா என்றார் ஆஷ்லி. அவர் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார், சொந்த வீடு வாங்கினார். 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம்.

வழக்கறிஞர் நண்பரே, "மனிதர்" என்ற சொல்லில் யார் யார் என்று அந்த 12 ஜூரிகளுக்குப் புரிந்திருந்தது.

சினிமா ரசிகர்: இதைப் பற்றி நல்ல படம் ஏதாவது சொல்லுங்களேன்.

அது என் துறை இல்லை. படம் பார்ப்பவர்களைக் கேளுங்கள்.

மூன்றாவது தேர்வர்: சார், ஐந்தில் மூன்று...

மூன்றாவது முறை. மேலே இரண்டாவது பதிலில் இருக்கிறது. மனித மதிப்பு இல்லை, சபை இடக் கணக்கு. தயவுசெய்து கேட்குமுன் மேலே படியுங்கள்.

சென்னை வாசகர்: இங்கேயும் அடிமைமுறை இருந்ததுதானே?

இருந்தது. கம்பெனி ஆட்சியில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம்தான் அதற்கு நீதிமன்ற ஆதரவை நிறுத்தியது. பண்ணையாள் வாழ்க்கையைப் பற்றிப் பேச என்னைவிட ஆழமாகப் படித்தவர்கள் உண்டு, அவர்களிடம் கேளுங்கள்.

கல்லூரி மாணவி (மறுபடியும்): ஜெஃபர்சன் உயிலில் எல்லோரையும் விடுவித்தாரா சார்?

ஐந்தே பேரை. ஐந்து பேரும் ஹெமிங்ஸ் குடும்பத்தார். 1826 ஜூலை 4இல், பிரகடனத்தின் 50ஆவது ஆண்டு நாளில் இறந்தார். ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். 1827 ஜனவரியில் அவருடைய பண்ணையான மான்டிசெல்லோவில் 130 பேரை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

விடுதலை பெற்ற ஐவரில் ஒருவர் கொல்லர் ஜோசஃப் ஃபாசெட். அவர் மனைவி எடித், ஜனாதிபதி மாளிகையில் ஜெஃபர்சனுக்குச் சமைத்தவர். உயிலில் அவர் பெயரும் இல்லை, பிள்ளைகள் பெயரும் இல்லை. ஏலத்தில் குடும்பம் வெவ்வேறு கைகளுக்குப் போனது. மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது. பின்னாளில் சின்சினாட்டியில் பாப்டிஸ்ட் போதகரான பீட்டர் அதை நினைவுகூர்ந்தார்: தான் அடிமை என்பதே தெரியாமல் வளர்ந்தவன், திடீரென்று ஏல மேடையில் நிறுத்தப்பட்டு முன்பின் தெரியாதவர்களுக்கு விற்கப்பட்டேன் என்று.

மாணவி: அப்போ அந்த 14 வயதுப் பையன் ராபர்ட்?

கல்யாணமாகி, மனைவி வேறொருவருக்கு அடிமையாக இருந்தார். அந்த எஜமானர் பணம் முன்தர, ராபர்ட் 1794 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தன்னைத்தானே விலைக்கு வாங்கினார். ஜெஃபர்சன் மனசில்லாமல்தான் கையெழுத்துப் போட்டார். ராபர்ட் மான்டிசெல்லோவை விட்டு, மனைவியோடு ரிச்மண்டில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது 32.